பெட்டிக்குள் சாமி, சட்டத்துக்குள் இயேசு

உசிலம்பட்டி வட்டாரத்துக் குலசாமிக் கோயில்கள் பலவற்றில் சிலையைத் தேடினால் கிடைக்காது. பெட்டி இருக்கும். சாமியின் துணிமணி, ஆபரணம், பூசைச் சாமான் எல்லாம் அதற்குள். வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் அந்தப் பெட்டி, மகாசிவராத்திரியை ஒட்டி வரும் மாசிப் பச்சைக்கு வெளியே வரும். பாப்பாபட்டி ஒச்சாண்டம்மன் கோயிலுக்கு உசிலம்பட்டிப் பக்கமிருந்து பெட்டிகளைச் சுமந்து போகும்போது, சாலை நெடுக நின்று கும்பிடுகிற கூட்டம் பார்ப்பது ஒரு மூடிய பெட்டியைத்தான். 1949, 50ஆம் ஆண்டுகளில் பிறமலைக் கள்ளர்களிடையே தங்கி ஆய்வு செய்த பிரெஞ்சு மானுடவியலாளர் லூயி துய்மோன், 1957இல் வெளியிட்ட தன் பெரிய நூலில் இந்தப் பெட்டிக் கோயில்களுக்கு நிறையவே இடம் கொடுத்தார்.

மதுரைச் சுற்றுவட்டாரத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. வேளார்கள் மண்ணில் குதிரையும் சாமியும் செய்வார்கள். புரவி எடுப்பன்று கண் திறந்து, ஊரே தூக்கிப் போய்க் கோயிலில் நிறுத்தும். திருவிழா முடிந்தபின் அவை வெயிலில் வெடிக்கும், மழையில் கரையும், மூக்கு உதிரும். யாரும் பதறுவதில்லை. இப்பகுதி வேளார்களை ஆராய்ந்த ஸ்டீபன் இங்லிஸ் கவனித்ததும் இதைத்தான்: உருவத்துக்குள் சக்தி வருகிறது, காரியம் முடிந்ததும் போய்விடுகிறது. அடுத்த எடுப்புக்குப் புதுக் குதிரை.

ஆக, உருவமே இல்லாமலும் கும்பிடலாம். உருவம் செய்து கும்பிட்டுவிட்டுக் கரையவும் விடலாம். இரண்டும் பழகிய கண்களுக்கு முன்னால்தான், கண்ணாடிச் சட்டம் போட்ட இயேசு படம் வந்து சேர்ந்தது.

இயேசுவின் படத்தை ஒருவர் எப்படிப் பார்க்கிறார் என்பதை அவருடைய நம்பிக்கையே தீர்மானிக்கிறது என்பார்கள். விசுவாசி உருகுவார், மற்றவர் கடந்து போவார் என்று அதற்குப் பொருளும் சொல்வார்கள். உசிலம்பட்டியில் ஒரு தெருவைச் சுற்றி வந்தாலே இந்த விளக்கம் செல்லாமல் போய்விடும். இயேசுவைத் தவிர வேறு பேச்சே இல்லாத பெந்தெகொஸ்தே வீட்டில் அவர் படம் இருக்காது. வசனக் காலண்டர் இருக்கும். ஞானஸ்நானம் என்ற எண்ணமே இல்லாத பக்கத்து வீட்டம்மாவின் பூசை அலமாரியில் முருகனுக்கும் மீனாட்சிக்கும் நடுவே வேளாங்கண்ணி மாதாவும் திருஇருதய ஆண்டவரும் மஞ்சள் குங்குமத்தோடு இருப்பார்கள். யார் அதிகம் நம்புகிறார், யார் குறைவாக நம்புகிறார் என்பதை வைத்து இதைப் புரிந்துகொள்ள முடியாது. அந்தப் படம் தனக்கு என்ன செய்யும் என்று ஒருவர் எதிர்பார்க்கிறார் என்று கேட்டால் விஷயம் பிடிபடத் தொடங்கும். அது என்னைத் திரும்பிப் பார்க்குமா, எனக்குக் கதை சொல்லுமா, அல்லது எனக்கும் கடவுளுக்கும் குறுக்கே நிற்குமா?

இந்த மூன்று எதிர்பார்ப்புகளும் இந்த ஊருக்கு மூன்று வழிகளில் வந்தவை. முதலாவது கத்தோலிக்க வழி. ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தது 1606இல். அவருக்குப் பின் வந்த இயேசு சபைத் துறவி ஜான் டி பிரிட்டோ 1693 பிப்ரவரி 4இல் ஓரியூரில் தலை வெட்டப்பட்டு அருளானந்தர் ஆனார். அவர் பெயரைத் தாங்கிய அருள் ஆனந்தர் கல்லூரி, மதுரை – உசிலம்பட்டிச் சாலையில் கருமாத்தூரில் 1970 முதல் இருக்கிறது. அதே கருமாத்தூரில்தான் கள்ளர் நாட்டின் மூணுசாமி கோயிலும். படங்களைப் பற்றிக் கத்தோலிக்கர் சொல்வது 787ஆம் ஆண்டு நிக்கேயாவில் கூடிய இரண்டாம் சங்கத்தின் முடிவு: உருவத்துக்குச் செய்யும் மரியாதை, உருவத்தில் இருப்பவருக்குப் போய்ச் சேருகிறது. திரெந்து சங்கம் 1563இல் அதையே உறுதி செய்து, உருவத்துக்குள் தனியாக எந்தச் சக்தியும் இல்லை என்றும் சேர்த்துச் சொன்னது. பெரிய வெள்ளியன்று சிலுவை முத்தி செய்ய வரிசையில் நிற்கும் பாட்டி, பாடுபட்ட சுரூபத்தின் பாதத்தில் முத்தமிட்டுவிட்டு முந்தானையால் அந்தப் பாதத்தைத் துடைத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்போது, இந்த இரண்டாவது வாக்கியம் அவர் மனதில் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

இரண்டாவது வழி லுத்தரன்களுடையது. 1522இல் விட்டன்பர்க்கில் சிலைகளை உடைக்கத் தொடங்கியவர்களை அடக்க மார்ட்டின் லுத்தர் ஒளிவிடத்திலிருந்து திரும்பி வந்தார். படத்தை வணங்காதே, வைத்திருந்தால் குற்றமில்லை என்பது அவர் நிலை. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்கின் மரபில் 1919இல் உருவான தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபைக்கு உசிலம்பட்டியில் பள்ளி உண்டு. அந்தச் சபையின் பீடத்தில் அறையுண்ட இயேசுவோடு சிலுவை இருக்கலாம். யாரும் அதைத் தொட்டு முத்தமிட மாட்டார்கள்.

மூன்றாவது, 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷன். அதன் வேர் 1524இல் ஆலயங்களிலிருந்து படங்களை இறக்கிய சூரிச் நகரத்துச் சீர்திருத்தத்தோடு உறவுடையது. அமெரிக்க மிஷன் சபைகள் 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் கலந்தன. அங்கே இருப்பது வெறுஞ்சிலுவை, உயிர்த்தெழுந்தவர் அதில் இல்லை என்பதற்காக. பெந்தெகொஸ்தேயினர் இதை இன்னும் கறாராக்கினார்கள். பத்துக் கட்டளைகளில் சொரூபத்தைப் பற்றிய கட்டளை அவர்களுக்கு வாசலிலேயே எழுதி வைத்தது போல.

(தென்னிந்தியக் கிறிஸ்தவத்தின் மிகப் பழைய உருவம் எது என்று பார்த்தால் அதிலும் உருவம் இல்லை. 1547இல் பரங்கிமலையில் கண்டெடுக்கப்பட்ட பாஹ்லவி எழுத்துச் சிலுவையில் மனிதர் கிடையாது. அடியில் பூவிதழ்களும் மேலே புறாவும்தான்.)

சரி, இந்த மூன்று எதிர்பார்ப்புகளும் எந்தெந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தன? இங்கேதான் எனக்கு விஷயம் சுவையாகிறது. தமிழ்நாட்டுக் கத்தோலிக்க வீடுகளிலும் இந்துப் பூசை அலமாரிகளிலும் அதிகம் காணப்படும் இயேசு படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். திருஇருதய ஆண்டவர், இறை இரக்க ஆண்டவர், குழந்தை இயேசு. மூவரும் நேர்முகம். மார்பைக் காட்டி, கையை உயர்த்தி, நம்மைப் பார்த்தபடி நிற்கிறார்கள். பிரான்ஸ் நாட்டுக் கன்னி மார்கரெட் மேரி அலகோக்குக்கு 1670களில் கிடைத்ததாகச் சொல்லப்படும் காட்சிகளிலிருந்து திருஇருதய பக்தி பரவியது. பொம்பேயோ பத்தோனி 1767இல் ரோமாபுரியின் ஜெசு ஆலயத்துக்கு வரைந்த ஓவியம் அதன் முகத்தை நிலைநிறுத்தியது. 1907 முதல் மத்தேயோ கிராலி என்ற பெரு நாட்டுக் குருவானவர் அந்தப் படத்தை வீட்டுக்கு வீடு அரியணை ஏற்றும் சடங்கைப் பரப்பினார். மானாமதுரைக்குப் பக்கத்தில் இடைக்காட்டூரில் பிரெஞ்சுக் குருவானவர் பெர்டினாண்ட் செல் 1894இல் கட்டிய ஆலயம் திருஇருதயத்துக்கே. சிவப்பு ஜீரோ வாட் பல்பு எரியும் அந்தப் படம் பார்வைக்கு மட்டும் மாட்டியதல்ல. வீட்டுக்குள் நடப்பதை அது பார்த்துக்கொண்டிருக்கிறது. அதற்கு முன்னால் குடித்துவிட்டு வரத் தயங்குகிற ஆண்களை எனக்குத் தெரியும்.

இப்போது சீர்திருத்தச் சபை வீடுகளின் கூடத்தைப் பாருங்கள். படம் இருந்தால், பெரும்பாலும் இவற்றில் ஒன்று: ஆட்டுக்குட்டியைத் தோளில் சுமக்கும் நல்ல மேய்ப்பன், கெத்செமனேயில் பாறையில் கைகூப்பி மேலே பார்க்கும் இயேசு, கதவைத் தட்டும் இயேசு. கெத்செமனே ஜெர்மானிய ஓவியர் ஹைன்ரிக் ஹோப்மனின் 1886ஆம் ஆண்டு ஓவியத்தின் பிள்ளை, பேரப்பிள்ளை. இன்னொன்று அமெரிக்கரான வார்னர் சால்மன் 1940இல் வரைந்த பழுப்புநிறத் தலை. உலகெங்கும் 50 கோடிப் பிரதிகளுக்கு மேல் போனதாகக் கணக்கு. இவற்றில் எதிலும் இயேசு நம்மைப் பார்ப்பதில்லை. ஆட்டைப் பார்க்கிறார், வானத்தைப் பார்க்கிறார், கதவைப் பார்க்கிறார். அவை கதைகள், கதைக்குள் இருக்கிறவர் கதையைத்தான் பார்ப்பார். விதிவிலக்கு இல்லாமல் இல்லை. ஹோல்மன் ஹண்டின் புகழ்பெற்ற விளக்கேந்திய இயேசு நேராகத்தான் பார்க்கிறார். ஆனாலும் பொதுப்போக்கு தெளிவாகவே இருக்கிறது: நம்மைப் பார்க்கிற படத்துக்கு விளக்கு, வேறெங்கோ பார்க்கிற படத்துக்கு ஆணி.

இந்து வீடுகள் முதல் வகையைத் தேர்ந்ததற்குக் காரணம் தேட வேண்டியதில்லை. கோயிலில் தரிசனம் என்பது நாம் சாமியைப் பார்ப்பது மட்டுமல்ல, சாமி நம்மைப் பார்ப்பதும். டயானா எக் 1981இல் இதைப் பற்றி எழுதிய சிறு நூல் மேலைநாட்டுக் கல்லூரிகளில் பாடமானது. உசிலம்பட்டியில் இதைச் சொன்னால் இதையெல்லாம் புத்தகமாகவா எழுதினார்கள் என்று கேட்பார்கள். சிவகாசி அச்சகங்கள் முருகனையும் மெக்காவையும் மாதாவையும் ஒரே எந்திரத்தில் அடித்து அனுப்புகின்றன. நாட்காட்டிப் படங்களின் சந்தையைப் பற்றி 2007இல் நூல் எழுதிய கஜ்ரி ஜெயின் காட்டுவது போல, எந்தச் சாமி விற்கும் என்பதை வியாபாரிகளும் ஏஜெண்டுகளும் வாங்குபவர் கண்ணை வைத்தே கணிக்கிறார்கள். பெங்களூரு விவேக் நகர் குழந்தை இயேசுவிடம் வியாழக்கிழமைகளில் திரளும் கூட்டத்தில் எல்லா மதத்தாரும் உண்டு. பிராகாவிலிருந்து வந்த அந்தக் குழந்தைக்குக் கிரீடம் உண்டு, உடுப்பு மாற்றும் வழக்கம் உண்டு, முகம் நேரே பார்க்கிறது. நம் ஆட்களுக்கு அதில் புதிதாகக் கற்றுக்கொள்ள ஏதுமில்லை.

இறை இரக்கப் படத்தின் கதை இதற்கு இன்னொரு சாட்சி. போலந்துக் கன்னி பவுஸ்தினா 1931இல் கண்டதாகச் சொன்ன காட்சியை, 1934இல் வில்னியஸில் காசிமிரோவ்ஸ்கி முதலில் வரைந்தார். அதில் இயேசுவின் கண்கள் தாழ்ந்திருக்கின்றன. 1940களில் அடால்ப் ஹீவா வரைந்த இன்னொன்றில் கண்கள் நேரே நம்மை நோக்குகின்றன. காட்சி கண்டவரின் மேற்பார்வையில் வரைந்தது முதலாவது. உலகமெங்கும் வீடுகளுக்குள் நுழைந்தது இரண்டாவது.

படமே வேண்டாம் என்பவர்கள் மனதில் படம் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. தமிழ்ச் சீர்திருத்தக் கிறிஸ்தவம் கண்ணுக்கு மறுத்ததைக் காதுக்குக் கொடுத்தது. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) தொடங்கிக் கீர்த்தனை பாடியவர்களும், 'இரட்சணிய யாத்திரிகம்' இயற்றிய எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையும் (1827–1900) சிலுவைப் பாடுகளை அங்கம் அங்கமாக வர்ணித்தார்கள். பெரிய வெள்ளி நண்பகல் மூன்று மணி நேரம் ஏழு வார்த்தைகளைக் கேட்டு அழுகிற சி.எஸ்.ஐ. சபையாரின் கண்ணுக்குள் ஓர் உருவம் ஓடாமலா இருக்கும்? அந்த உருவத்தின் முகம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ஞாயிறு பள்ளியில் கொடுத்த வண்ண அட்டையில் போய் நிற்கும். பீடத்தில் படம் கூடாது என்ற மிஷனரிகள் பள்ளிக்கூடத்தில் படச்சுருளை விரித்தார்கள். படம் கற்பிக்கலாம், வணக்கத்தை ஏற்றுக்கொள்ளக் கூடாது. இது அவர்கள் போட்ட கோடு. தெருமுனையில் திரைகட்டிக் காட்டிய சினிமா அந்தக் கோட்டை அழித்தது. 1978இல் தெலுங்கில் வந்த 'கருணாமயுடு' படத்தை இயக்கியவர் நம் 'பா' வரிசை பீம்சிங். அதன் மொழிமாற்று வடிவங்களும், 1979இல் வந்த அமெரிக்கத் தயாரிப்பான 'இயேசு' படமும் புரொஜெக்டரோடு கிராமம் கிராமமாகப் போயின. உருவ வழிபாட்டைக் கண்டித்த அதே ஊழியக்காரர்கள் இருபதடி உயர இயேசுவை இரவில் நிறுத்திக் காட்டினார்கள். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள், சினிமாவில் வரும் கடவுளைக் கும்பிட்டுப் பழகிய மக்கள்.

சினிமா என்றதும் எம்.ஜி.ஆர். வராமல் இருக்க முடியாது. அவர் இயேசு வேடமிட்டு எடுத்த நிலைப்படங்கள் இன்றும் சுற்றுகின்றன. அந்தப் படம் வெளிவரவே இல்லை. முள்முடி தரித்த அந்த முகத்தில் ரசிகர் யாரைக் கண்டார்? முத்துராமலிங்கத் தேவரின் படத்துக்கு மாலை போட்டு விளக்கு வைக்கும் இந்த வட்டாரத்தில் இது வேடிக்கைக் கேள்வி அல்ல. மனிதனின் படம் சாமியின் படமாகும் பாதை இங்கே தேய்ந்த பாதை.

கிறிஸ்தவரல்லாதவரின் பார்வைக்கு மிகப் பெரிய சாட்சி காந்தி. 1921 செப்டம்பர் 22இல் மதுரையில் மேலாடையைக் களைந்து அரைத்துணிக்கு வந்த மனிதர், 1931 டிசம்பரில் ரோமுக்குப் போனபோது சிஸ்டைன் சிற்றாலயத்தில் சிலுவையில் தொங்கிய இயேசுவின் முன் கண்ணீர் வர நின்றார். அவர் உடையும் சுரூபத்தின் உடையும் ஏறத்தாழ ஒன்று. 1942இல் சேவாகிராமத்துக்கு வந்த லூயி பிஷர், காந்தியின் குடிசைச் சுவரில் இருந்த ஒரே படம் இயேசுவினுடையது என்று எழுதினார். காந்தி ஞானஸ்நானம் பெறவில்லை. இயேசு ஒருவரே கடவுளின் மகன் என்பதையும் ஏற்கவில்லை. அவர் அந்தச் சுரூபத்தில் கண்டது சத்தியாக்கிரகி. கலைஞர்களும் இப்படித்தான். வங்காளத்து ஜாமினி ராய் இயேசுவைத் திரும்பத் திரும்ப வரைந்தார். சென்னைக் கலைக்கல்லூரியின் தனபால் கிறிஸ்துவைச் செதுக்கினார். இருவரும் கிறிஸ்தவர்கள் அல்லர். லண்டன் தேசிய ஓவியக்கூடத்தின் இயக்குநர் நீல் மக்கிரகர் 2000இல் இயேசு உருவங்களுக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியதற்கும் இதுவே காரணம்: கூடத்துப் படங்களில் மூன்றில் ஒரு பங்கு கிறிஸ்தவப் படங்கள், பார்க்க வருபவர்களில் பலருக்கு அந்த நம்பிக்கை இல்லை. ஆனால் துன்பம், தாய்மை, துரோகம் எல்லோருக்கும் உண்டு.

முஸ்லிம்களின் நிலை சுருக்கமாகச் சொல்லக் கூடியது. ஈசா நபிக்கு மரியாதை உண்டு, எந்த நபிக்கும் படம் கிடையாது, சிலுவை மரணமும் அவர்கள் ஏற்பதல்ல. ஆகவே அறையுண்ட உருவம் அவர்களுக்கு இரண்டு முறை அந்நியம்.

சிக்கல் வருவது இயேசுவை நம் முகமாக்கும்போது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் (1962–65) இந்திய உருவில் இயேசுவை வரையும் முயற்சி வேகம் பிடித்தது. பெங்களூருவில் அமலோற்பவதாஸ் அடிகள் நடத்திய மையம், ஜோதி சாஹியின் தியானக் கோலத்து இயேசுக்கள், அல்போன்சோ தாஸின் ஓவியங்கள் என அதில் அழகானவை நிறைய. ரிச்சர்ட் டெய்லர் 1975இலேயே சென்னை கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் வழி இந்திய ஓவியங்களில் இயேசுவைப் பற்றி ஒரு நூல் கொண்டுவந்தார். ஆனால் சாதாரண விசுவாசி பின்வாங்கினார். சென்னையைச் சேர்ந்த விக்டர் குழந்தை என்ற இல்லறத்தார் 1980களில் இதெல்லாம் திருச்சபையை இந்துமயமாக்கும் வேலை என்று புத்தகமே எழுதினார். கருத்தரங்கில் கைதட்டு வாங்கிய பத்மாசன இயேசு பங்குக் கோயிலுக்குள் வரமுடியவில்லை. படித்தவர்கள் இதைக் காலனிய மனநோய் என்று எளிதாகத் தள்ளிவிடுகிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. நீலக்கண் இயேசு வெள்ளைக்காரன் கப்பலில் வந்தவர்தான். ஆனால் அது பாதி. மகள் பிரசவத்துக்கும் மகன் பரீட்சைக்கும் இருபது வருடம் ஒரு முகத்திடம் அழுதவருக்கு அந்த முகம் இயேசுவின் சாயல் அல்ல, இயேசுவே. அதை மாற்றச் சொல்வது அவரிடம் ஆளையே மாற்றச் சொல்வது. பி.பி.சி.க்காக 2001இல் ரிச்சர்ட் நீவ், முதல் நூற்றாண்டு யூத மண்டையோட்டை வைத்து உருவாக்கிய அகன்ற, கருத்த முகத்தைக் கண்டு யாரும் பூசையறைப் படத்தைக் கழற்றவில்லை.

மதுரை அரசரடியில் 1969இல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரி வேறு பக்கமாக வந்தது. அங்கே பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு (1940–2005), மாணவர்களுக்குப் 'பறட்டை'. அவர் தூரிகையை எடுக்கவில்லை, பறையை எடுத்தார். சேரித் தெருவில் சேர்ந்து சமைத்து உண்ணும் இயேசுவை நாட்டுப்புற மெட்டில் பாட வைத்தார். ஓவியத்தில் கருத்த இயேசுவைக் கண்டு முகம் சுளித்தவர்கள் பாட்டில் அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள். உருவத்தைக் கண்வழி மாற்றுவது கடினம், காதுவழி மாற்றுவது சுலபம் என்று இதிலிருந்து ஒரு விதி செய்யலாமா என்று எனக்கு ஆசை. குறைந்தது இந்த வட்டாரத்துக்கு அது பொருந்துகிறது.

ஆய்வகங்களும் இந்தக் கேள்வியைத் தொட்டிருக்கின்றன. சால்மனின் தலை ஓவியம் உங்களுக்கு என்ன என்று அமெரிக்கப் பத்திரிகைகள் வழியாகக் கலை வரலாற்றாளர் டேவிட் மார்கன் கேட்டபோது 500க்கும் மேற்பட்ட கடிதங்கள் வந்தன. இயேசு அச்சு அசலாக இப்படித்தான் இருந்தார் என்றார்கள் பலர். நெற்றியில் நற்கருணை அப்பம் தெரிகிறது, பொட்டருகே கிண்ணம் தெரிகிறது என்றார்கள் சிலர். 2018இல் வட கரோலினாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 511 அமெரிக்கக் கிறிஸ்தவர்களிடம், மங்கலான இரண்டிரண்டு முகங்களைக் காட்டி எது கடவுளைப் போல் இருக்கிறது என்று கேட்டார்கள். தேர்வுகளைச் சேர்த்து எடுத்த முகத்தில் தாடியும் இல்லை, கோபமும் இல்லை. இளையவர் கண்டது இளைய கடவுள், பழமைவாதிகள் கண்டது ஆண்மையும் அதிகாரமும் மிக்க கடவுள், தாராளவாதிகள் கண்டது கனிந்த முகம். அந்த ஆய்வு கேட்டது பிதாவின் முகம். இயேசுவின் முகம் ஏற்கெனவே அச்சில் உறைந்துவிட்டதால் அவரை வைத்து இதைச் செய்திருந்தால் இவ்வளவு விலகல் வந்திருக்குமா என்பது என் ஐயம்.

2014இல் டொராண்டோ ஆய்வாளர்கள் வெறும் புள்ளிக் குழப்பத்தைக் காட்டி, இதில் பாதியில் முகம் இருக்கிறது என்று பொய் சொன்னார்கள். 34 சதவீத முறை முகம் தெரிந்ததாகப் பதில் வந்தது. ரொட்டியில் இயேசு தெரிவதைத் தலைப்பிலேயே வைத்திருந்த அந்தக் கட்டுரைக்கு விளையாட்டு நோபல் கிடைத்தது. 2002இல் பெங்களூருவில் ஒரு சப்பாத்தியில் இயேசு முகம் தெரிந்தது என்று ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றார்கள். விஞ்ஞானம் சொல்வது சரியே: முகம் தேடுவது மூளையின் பழக்கம். ஆனால் அந்தக் கறையில் தெரிந்தது ஏன் பக்கத்து வீட்டுக்காரர் அல்ல, இயேசு? அதற்கு மூளை போதாது, சுவரில் மாட்டிய படமும் வேண்டும்.

2012இல் மும்பை இர்லாவில் வேளாங்கண்ணி மாதா ஆலயத்துச் சிலுவைச் சுரூபத்தின் பாதத்தில் நீர் சொட்டியது. பகுத்தறிவாளர் சனல் இடமருகு வந்து பார்த்து, அடைபட்ட கழிவுநீர் சுவர்வழி ஏறுகிறது என்றார். இந்திய தண்டனைச் சட்டம் 295ஏ பிரிவில் புகார்கள் பாய்ந்தன. அவர் பின்லாந்துக்குப் போனார். சுரூபம் அப்படியே இருந்தது.

சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது? தமிழ்நாட்டு வழக்கு ஒன்றே இதற்கு அடிப்படை. 1953 மே 27இல் திருச்சி டவுன் ஹால் மைதானத்தில் பெரியார் களிமண் பிள்ளையாரை உடைத்தார். கடையில் வாங்கிய, பிரதிஷ்டை செய்யாத பொம்மை புனிதப் பொருளாகாது என்று கீழ் நீதிமன்றங்கள் புகாரைத் தள்ளின. வீரபத்திரன் செட்டியார் மேல்முறையீடு செய்த அந்த வழக்கில், 1958இல் உச்ச நீதிமன்றம் அந்த வாதம் தவறு என்றது. கோயிலில் இருக்க வேண்டியதில்லை, பிரதிஷ்டை ஆக வேண்டியதில்லை. ஒரு பிரிவினர் எதைப் புனிதமாகக் கருதுகிறார்களோ அது புனிதம், நீதிபதி அதை நம்ப வேண்டிய அவசியமும் இல்லை. நிறைய நாள் ஆகிவிட்டதால் மேல் நடவடிக்கை வேண்டாம் என்று வழக்கை முடித்தார்கள். படத்தின் புனிதம் காகிதத்தில் இல்லை, கும்பிடுகிறவரிடம் இருக்கிறது என்று இதைவிடத் தெளிவாக எந்த இறையியலாளரும் சொன்னதில்லை. 2010இல் மேகாலயாவில் ஒரு பள்ளிப் புத்தகம், கையில் சிகரெட்டும் பீர் டின்னுமாக இயேசுவை அச்சிட்டபோது கொதித்தவர்களின் வாதம் இந்தத் தீர்ப்பின் மேல்தான் நிற்கும்.

கொதிப்பும் ஒரே மாதிரி வருவதில்லை. ஆந்த்ரே செரானோ 1987இல் சிறுநீருக்குள் சிலுவையை வைத்து எடுத்த புகைப்படத்தை 2011இல் பிரான்சின் அவிஞ்ஞோனில் கத்தோலிக்கத் தீவிரர்கள் சுத்தியலால் தாக்கினார்கள். அதே படத்தை, வாழ்நாளைச் செபத்தில் கழித்த கன்னியாஸ்திரி வெண்டி பெக்கெட், நாம் இயேசுவுக்குச் செய்ததைக் காட்டும் படம் என்று தொலைக்காட்சியில் சொன்னார். இரு தரப்பும் ஒரே விசுவாசப் பிரமாணத்தைச் சொல்பவர்கள். ஒருவருக்குப் படம் என்பது தொடக் கூடாத ஆள். இன்னொருவருக்குப் படம் என்பது கேள்வி.

இதற்கு எதிராகவும் ஒன்று சொல்ல வேண்டும். பார்ப்பவர் மனமே எல்லாம் என்றால் படம் வெறுந்திரை ஆகிவிடும். 2019 ஏப்ரல் 21, உயிர்ப்பு ஞாயிறன்று நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் ஆலயத்தில் குண்டு வெடித்தபின், உயிர்த்த இயேசுவின் வெள்ளைச் சுரூபத்தில் மக்களின் இரத்தம் தெறித்திருந்தது. அந்தப் புகைப்படத்தைப் பார்த்த நாத்திகரும் ஒரு கணம் பேச்சிழந்தார். அங்கே எந்த மரபும் முன்கூட்டிக் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. உருவங்களுக்குத் தமக்கென்று வலு உண்டு என்று 1989இல் டேவிட் பிரீட்பர்க் ஒரு பெரிய நூலில் வாதிட்டார். அவரோடு நான் பாதி வழி போவேன். அந்தச் சுரூபத்தின் வலு அதன் பூச்சில் இல்லை, அன்று காலை அங்கே நடந்ததில் இருந்தது.

இனி வரும் படங்கள் திரும்பிப் பார்ப்பதோடு நிற்கப் போவதில்லை. வாட்ஸ்அப்பில் வரும் செயற்கை நுண்ணறிவு இயேசுக்கள் ஏற்கெனவே ஊர்த் திருவிழாப் பிளெக்ஸ் வரை வந்துவிட்டார்கள். 2024இல் சுவிட்சர்லாந்தின் லூசெர்ன் நகரத்துப் புனித பேதுரு சிற்றாலயத்தில், ஒப்புரவுக் கூண்டுக்குள் கணினித்திரையில் ஓர் இயேசு முகத்தை வைத்தார்கள். நூறு மொழிகளில் கேள்வி கேட்கலாம், அது பதில் சொல்லும். இரண்டு மாதத்தில் ஆயிரம் பேர் அளவில் பேசினார்கள். பேசிவிட்டுக் கருத்துச் சொன்னவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் அது ஆன்மிக அனுபவமாக இருந்தது என்றார்கள். முணுமுணுப்பும் வந்தது. ஒப்புரவுக் கூண்டை இதற்கா பயன்படுத்துவது என்று கத்தோலிக்கர் வருந்தினார்கள். இயேசுவுக்கு முகம் கொடுத்ததே தவறு என்று சீர்திருத்தச் சபையார் கடிந்துகொண்டார்கள்.